விடலாம்

வெஸ்காராவில் என்னைப் பொற்கொடி என்று பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கர்னல் ஈவோருக்கு நான் பொறியாளர் அம்மையார். கெல்மின் பட்டறையில் இருந்த நம்மூர் ஆட்களுக்குக் குடையம்மா. பத்து வருடம் வேலை பார்த்த ஓசூர் நிறுவனத்துக்கு நான் ஓர் ஊழியர் எண். அந்த எண்ணும் இப்போது செல்லாது.

குடை என்பது எதிரியின் ஏவுகணையை வானத்திலேயே இன்னொரு ஏவுகணையால் அடித்து நொறுக்கும் அமைப்பு. ஒரு ரேடார், ஒரு கணினி, நாலு லாரிகளில் ஏவுகுழல்கள். நாங்கள் செய்தோம், வெஸ்காரா வாங்கியது. போர் நடக்கிற நாட்டுக்கு ஆயுதம் விற்கிறீர்களே, உறுத்தவில்லையா என்று என் தங்கை கேட்டாள். "இது ஆயுதம் இல்லடி, தடுப்பு. இதை வச்சு யாரையும் கொல்ல முடியாது" என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன். வாயடைப்பதில் நான் கெட்டிக்காரி. அப்போது நான் சொன்னதை நானே நம்பவும் செய்தேன்.

ஓட்டுவது அவர்கள் ராணுவம். பராமரிக்க எங்கள் ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்த ஆள் நான். கெல்மின் நகருக்கு வெளியே, மரங்களுக்கு அடியில் ஒளித்து வைத்த ஒரு கன்டெய்னர்தான் எங்கள் அறை. உள்ளே நாலு திரை, இரண்டு நாற்காலி, ஒரு ஹீட்டர். கர்னல் பேசுவது அவர் மொழியில். என் காதில் மாட்டியிருந்த கருவி அதைத் தமிழாக்கிச் சொல்லும். அந்தக் கருவிக்குத் தமிழ் கற்றுக்கொடுத்த புண்ணியவான் பழைய பாடப்புத்தகங்களை மட்டும்தான் படிக்கக் கொடுத்திருக்க வேண்டும். அதனால் மூன்று நாள் தாடியும் சிகரெட் நாற்றமுமாக இருந்த அந்த மனிதர் என்னிடம் கடைசி வரை செந்தமிழில்தான் பேசினார்.

கெல்மினில் எனக்கு இருந்த ஒரே ஆறுதல் மாசிலாமணி மேஸ்திரியின் ஆட்கள். எதிரி தினம் தினம் மின்நிலையங்களை உடைப்பான். இவர்கள் தினம் தினம் ஒட்டவைப்பார்கள். வள்ளியூர், நாங்குநேரி, சாத்தான்குளம் பக்கத்து எலக்ட்ரீஷியன்கள், லைன்மேன்கள் நூற்று நாற்பது பேர். மேஸ்திரியோடு சேர்த்தால் நூற்று நாற்பத்தொன்று. பட்டறை ஊருக்குக் கிழக்கே. தங்குமிடம் அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டரில், ஒரு பழைய பள்ளிக்கூடம். வெள்ளிக்கிழமை மதியம் நான் அங்கே சாப்பிடப் போய்விடுவேன். ரசத்துக்காக என் வேலையையே விட்டுவிடக்கூடிய மனநிலையில் இருந்த காலம் அது.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் மாசிலாமணி கேட்டார்.

"எம்மா, ஒண்ணு கேக்கேன், கோவப்படப்பிடாது. ஒங்க குடை எல்லாத்தையும் தடுத்துருமா?"

"தடுக்காது அண்ணாச்சி. அவங்க ஒரு நாளைக்கு நூறு அனுப்புறாங்க. நம்மகிட்ட முப்பதுதான் இருக்கு. எது எங்க விழும்னு குடை முதல்லயே பார்த்துடும். ஆள் இல்லாத இடமா இருந்தா, விழட்டும்னு விட்டுடும்."

"ஆளு இருக்கா இல்லியான்னு மெஷினுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் சட்டைப் பையைக் காட்டினேன். "உங்க போனை வச்சுத்தான். ஒரு இடத்துல எத்தனை போன் இருக்கோ அத்தனை பேர் இருக்காங்கன்னு எடுத்துக்கும்."

அவர் போனை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ மாசிலாமணி ஆளு இல்ல. இந்தச் சனியந்தான் ஆளு." பந்தி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

போனை வைத்து எண்ணும் அந்த யோசனை என்னுடையது. அதற்கு முன் குடை பழைய கணக்கெடுப்பு வரைபடத்தைத்தான் நம்பியிருந்தது. போரில் சனங்கள் இருந்த இடத்திலா இருப்பார்கள்? வரைபடத்தில் காலிக் கிடங்கு என்று இருந்த ஓரிடத்தில் அகதிகள் ஒதுங்கியிருந்தார்கள். குடை அதை விட்டுவிட்டது. அறுபத்தொரு பேர். அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து போன்களை எண்ணும் முறையை எழுதினேன். ஓசூரில் கைதட்டி, கண்ணாடியில் என் பெயர் செதுக்கி ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கும் பட்டறைக்குப் போயிருந்தேன். ஸ்பேனர், கட்டிங் பிளேயர், மெக்கர், ஏணி, கிரேன் என்று எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு, குங்குமப் பொட்டு. நடுவில் ஒரு பலகையில் வெள்ளைத் துணி விரித்து, அத்தனை பேர் போனும் வரிசையாக. டிரான்ஸ்பார்மருக்கு என்ன கோளாறு என்று போன்தான் சொல்கிறது, ஸ்பேனரைவிட அதைத்தான் அதிகம் தொடுகிறோம், ஆகவே அதுவும் ஆயுதம் என்பது மேஸ்திரியின் கட்சி. மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. வீட்டுக்காரி கூப்பிடுவாளே அண்ணாச்சி என்று ஆட்கள் முனகினார்கள். ஒரு நா கூப்பிடாட்டா ஒண்ணும் குடி முழுவிராது என்று அடக்கிவிட்டார்.

பூஜை முடிந்ததும் எல்லோரும் தங்குமிடத்துக்கு நடந்துபோய்ச் சாப்பிட உட்கார்ந்தோம். பாயசத்துக்குக் காத்திருந்த நேரத்தில் சும்மா என் கணினியைத் திறந்து கெல்மின் படத்தைப் பார்த்தேன். பட்டறையில் நூற்று நாற்பத்தொன்று. தங்குமிடத்தில் ஒன்று. அந்த ஒன்று நான். என்னைச் சுற்றி நூற்று நாற்பத்தொரு பேர் சப்புக்கொட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்; குடையைப் பொறுத்தவரை அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை. எனக்குப் பாயசம் இறங்கவில்லை. விருந்தைக் கெடுக்க வேண்டாம் என்று யாரிடமும் சொல்லாமல் ஓசூருக்கு எழுதினேன். அபூர்வமான சூழ்நிலை, அவசரமில்லை என்று பதில் வந்தது. இன்னும் இரண்டு முறை எழுதினேன். அப்புறம் எனக்கும் வேறு வேலை வந்துவிட்டது.

மறு வருடம் ஆடியிலிருந்தே குடைக்கு வேண்டிய எதிர் ஏவுகணைகளின் வரத்து நின்றுபோனது. கப்பல் நம்மூர்த் துறைமுகத்தில் கிடந்தது. ஏன் புறப்படவில்லை என்பதற்கு வாரம் ஒரு காரணம் வந்தது. இங்கே கையிருப்பு கரைந்தது. அப்போதுதான் கர்னல் அந்த எண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

எத்தனை பேர் இருக்கும் இடத்தைக் குடை காப்பாற்ற வேண்டும் என்று ஓர் எண் உண்டு. முதலில் அது ஒன்று. ஓர் உயிர் இருந்தாலும் தடு. அதற்குக் குறைவாக இருந்தால் அந்த ஏவுகணைக்குப் பக்கத்தில் திரையில் சாம்பல் நிறத்தில் 'விடலாம்' என்று வரும். தமிழ்ப் பதிப்பில் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். கொஞ்சம் மரியாதையாக இருக்கட்டுமே என்று. எண்ணை மாற்ற வேண்டும் என்றாலும், குடை எடுத்த முடிவை மாற்ற வேண்டும் என்றாலும், கர்னலின் கட்டைவிரலும் என் கட்டைவிரலும் ஒரே நேரத்தில் கண்ணாடியில் பதிய வேண்டும். மனிதர் இருவர் சம்மதிக்காமல் இயந்திரம் மாறக்கூடாது என்பது ஏற்பாடு.

ஒன்று பத்தாயிற்று. பத்து இருபத்தைந்தாயிற்று. புரட்டாசி பிறந்த வாரம் கர்னல் சொன்னார்: "பொறியாளர் அம்மையாரே, கப்பல் இவ்வாரமும் புறப்படவில்லை. ஐம்பது என மாற்றுவோம்."

"நாற்பது பேர் இருக்கிற கிராமத்தை என்ன பண்றது கர்னல்?"

"என் தாயார் வாழும் சிற்றூரில் முப்பத்தொரு பேர் உள்ளனர்."

நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். "அவங்களை இங்க கூட்டிட்டு வந்துடுங்க."

"வரமாட்டார். அவரிடம் பசு உள்ளது."

சொல்லிவிட்டுக் கட்டைவிரலை வைத்தார். நான் வைக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னை அவசரப்படுத்தவில்லை. தன் விரலை எடுக்கவும் இல்லை. கடைசியில் நானும் வைத்தேன். அன்றிலிருந்து அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதையும் பயமும் சேர்ந்தே இருந்தது.

ஆயுத பூஜை அன்று காலை மாசிலாமணி போன் செய்தார்.

"எம்மா, மத்தியானம் பூசை. வாரீயளா?"

"முடியாது அண்ணாச்சி. ரெண்டு நாளா ஓயாம அடிக்கிறான். நாற்காலியை விட்டு எந்திரிக்கக்கூட முடியலை."

"சரி, சுண்டலும் பொங்கலும் எடுத்து வைக்கேன். சாய்ந்தரமா பய எவன்கிட்டயாவது குடுத்து விடுதேன்." வைக்கும்போது, "இப்ப போனைக் கொண்டுபோய்ப் பலகையில வைக்கப்போறேன். இனி நாளைக்குத்தான் பேச முடியும், பாத்துக்கிடுங்க" என்றார்.

நண்பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு வடக்கிலிருந்து பதினொரு ஏவுகணைகள் கிளம்பின. ஒன்பது நகரத்துக்கும் மின்நிலையத்துக்கும். அவற்றுக்கே எங்கள் லாரிகள் மூன்று காலியாகிவிட்டன. நாலாவது லாரியில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. வந்துகொண்டிருந்தவை இரண்டு. அவை எங்கே விழும் என்று குடை சொன்னது. ஒன்று கெல்மின் பட்டறை: ஆட்கள் 141, தடு. இன்னொன்று பழைய பள்ளிக்கூடம்: ஆட்கள் 0, விடலாம்.

எண்பது விநாடி இருந்தது.

அந்தச் சுழியத்தைப் பார்த்தேன். பாயசம் இறங்காத அந்த மதியம் அப்படியே கண் முன்னால் வந்தது. பூஜை முடிந்திருக்கும். போன்கள் பலகையில் பொட்டு வைத்துக்கொண்டு படுத்திருக்கும். ஆட்கள் பள்ளிக்கூடத்தில் இலை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். குடை நூற்று நாற்பத்தொரு போன்களைக் காப்பாற்றப் போகிறது. நூற்று நாற்பத்தொரு பேரை விட்டுவிடப் போகிறது.

மாசிலாமணியின் எண்ணுக்கு அடித்தேன். மணி போயிற்று, போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. இசக்கிராஜா என்ற லைன்மேனின் எண்ணும் என்னிடம் இருந்தது. அதுவும் அப்படியே. நூற்று நாற்பது பேர் இருக்கும் இடத்தில் மணி அடித்தால் ஒருத்தர்கூடவா எடுக்கமாட்டார்கள்? எனக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது.

"கர்னல், முடிவை மாத்தணும். ஆளுங்க பட்டறையில இல்லை. பள்ளிக்கூடத்துல இருக்காங்க."

"திரையில் சுழியம் எனக் காண்கிறேன்."

"இன்னிக்கு எங்க பண்டிகை. கருவியெல்லாம் சாமி முன்னாடி வச்சுட்டு சாப்பிடப் போயிடுவோம். போனையும் அங்கேயே வச்சுடுவாங்க. போன வருஷம் நான் அவங்களோட உட்கார்ந்து சாப்பிட்டேன் கர்னல். கண்ணால பார்த்தேன்."

"ஐயமில்லையே?"

"இல்லை."

முப்பது விநாடிக்கும் குறைவாக இருந்தது. அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். "அவர்கள் உம்முடைய மக்கள். நீர் அறிவீர்" என்று காதில் கேட்டது. அவர் விரல் கண்ணாடியில் பதிந்தது. என் விரலும் பதிந்தது.

எங்கள் ஏவுகணை பள்ளிக்கூடத்தை நோக்கி வந்ததை வானத்திலேயே அடித்தது. மற்றது போய் விழுந்தது. கன்டெய்னர் ஒருமுறை குலுங்கியது. நான் நாற்காலியில் சாய்ந்து அழுதேன், சந்தோஷத்தில். ஒரு வாரத்துக்குப் போன் இல்லாமல் இந்த ஆட்கள் பண்ணப்போகிற ரகளையை நினைத்துச் சிரித்தும் கொண்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

ஜீப்பை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் சிதறிக் கிடந்தன. வாசலில், கக்கத்தில் பேப்பர் இலைக் கட்டு ஒன்றை இடுக்கிக்கொண்டு, மாசிலாமணி தனியாக நின்றிருந்தார். காது அடைத்திருக்க வேண்டும். நான் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினார்.

"மத்தவங்க எங்க அண்ணாச்சி? உள்ளேயா?"

"உள்ள யாரும் இல்லம்மா. முந்தா நா தண்ணிக் குழா ஒடைஞ்சு போச்சுல்லா. இங்க ஒரு சொட்டுத் தண்ணி கெடயாது. அதான் சமையலையும் பட்டறையிலயே வச்சுட்டோம். பந்திக்கு இலை பத்தாதுன்னு நா மட்டும் எடுக்க வந்தேன்." அப்போதுதான் கிழக்கே எழுந்த புகையைப் பார்த்தார். "எம்மா, அது எங்க விழுந்துருக்கு?" என்றார்.

அவர் இலைக் கட்டைப் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தார். ஜீப்பில் ஏறுங்கள் என்று கத்தியும் கேட்காமல் ஒன்றரைக் கிலோமீட்டரும் ஓடினார்.

நூற்று இருபத்தேழு பேர் செத்துப்போனார்கள். பதின்மூன்று பேர் பிழைத்தார்கள். அன்று மாலையே கர்னலை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது, "இரு விரல்களில் ஒன்று என்னுடையது. மறவாதீர்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவரைப் பற்றி எனக்கு எந்தத் தகவலும் இல்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இசக்கிராஜாவைப் பார்த்தேன். இரண்டு கையும் கட்டுப் போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அழுதான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"போன் அடிச்சுச்சும்மா. மொதல்ல அண்ணாச்சி போனு, அப்புறம் என் போனு. குடையம்மான்னு பேரு வந்துச்சு. எடுக்கலாம்னு எந்திரிச்சேன். ஏல, மறுபூசை ஆவாம எவனும் தொடப்பிடாதுன்னு அண்ணாச்சி சொல்லிட்டுல்லா போயிருக்காருன்னு எல்லாரும் சத்தம் போட்டானுவ. உக்காந்துட்டேன்."

படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"அண்ணாச்சிட்ட இதைச் சொல்லிராதீங்கம்மா," என்றான். "தெரிஞ்சா அந்த மனுசன் உசிரோட இருக்க மாட்டாரு. எங்க யாருக்கும் சொல்ல மாட்டோம்னு பேசி வச்சிருக்கோம்."

நாலாம் நாள் ஓசூரிலிருந்து ரகோத்தமன் திரையில் வந்தார். நிறுவனத்தின் துணைத் தலைவர். அறிக்கையை ஏற்கனவே எழுதி அனுப்பியிருந்தார். நான் கையெழுத்துப் போட்டால் போதும்.

"படிச்சீங்களா பொற்கொடி?"

"படிச்சேன் சார். மேஸ்திரி போன்களை வாங்கி வச்சதால ஆளுங்க இருக்கிற இடம் குடைக்குத் தெரியலைன்னு எழுதியிருக்கீங்க. அது பொய்."

"போனை வாங்கி வச்சது உண்மைதானே?"

"குடை சரியாத்தான் சொல்லுச்சு. மாத்தினது நான்."

"அது நமக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் தெரியணுமா? நம்ம ஆள் கை வச்சதுன்னு வந்தா கேஸ் நம்ம தலையில விடியும். மேஸ்திரி வேற கான்ட்ராக்ட்காரரோட ஆள். மெஷின் மேலயும் தப்பில்ல, நம்ம மேலயும் தப்பில்ல. முடிஞ்சுது."

"அவரைப் பிடிச்சு உள்ள வச்சிருக்காங்க சார். அஜாக்கிரதையால நூத்தி இருபத்தேழு சாவுன்னு கேஸ். பதினஞ்சு வருஷம் ஆகலாம்னு சொல்றாங்க."

"எம்பஸி பார்த்துக்கும்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "இன்னொண்ணும் கேட்டுக்குங்க. அடுத்த பதிப்புல கட்டைவிரலே கிடையாது. குடை தானே முடிவெடுக்கும், யாரும் மாத்த முடியாது. நீங்க உண்மையை எழுதினாலும் அதான் நடக்கும், எழுதாட்டியும் அதான். வீணா உங்க வாழ்க்கையைக் கெடுத்துக்காதீங்க" என்றார்.

கையெழுத்துப் போடத் துணிந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு முறை அந்த அறிக்கையைத் திறந்து விரலை அதன் மேல் கொண்டுபோனேன். எனக்கு வயது நாற்பத்தொன்று, ஊரில் அம்மாவும் தங்கையும் என்னை நம்பி இருந்தார்கள், நானும் கோழைதான். மூன்றாவது முறை திறப்பதற்கு முன் மாசிலாமணியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். மன்னிப்புக் கேட்டு வாங்கிவிடலாம் என்ற ஆசையும் உள்ளே இருந்திருக்கும்.

போலீஸ் கட்டடத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு அறை. நடுவில் மேசை. எட்டு நாளில் மனிதர் பாதியாகிப் போயிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"பள்ளிக்கொடத்துக்கு வந்தத ஒங்க குடைதான் அடிச்சுச்சாம், நீங்க இல்லேன்னா நானும் போயிருப்பேனாம். இங்க ஒரு போலீசுக்காரன் போனுல மொழிபெயர்த்துக் காட்டுனான். நல்லா இருப்பீய, தாயி."

"உட்காருங்க அண்ணாச்சி."

"எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரல. நீங்க படிச்சவுக, சொல்லணும்." மேசை மேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "போனெல்லாம் பட்டறையிலதான இருந்துச்சு? பயலுவளும் அதைச் சுத்தித்தான உக்காந்திருந்தானுவ? பெறவு எப்படி அதுக்குத் தெரியாமப் போச்சு? சட்டப்பையில இருந்தாத்தான் எண்ணுமோ? பலகையில வச்சா எண்ணாதோ? சந்தனம் கிந்தனம் பட்டு உள்ள எதும் கெட்டுருக்குமோ? எட்டு நாளா இதையேதான் நெனைச்சுக்கிட்டு இருக்கேன்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"எண்ணுச்சு அண்ணாச்சி. நூத்தி நாப்பத்தொண்ணுன்னு சரியா எண்ணுச்சு. பட்டறையைக் காப்பாத்தத்தான் போச்சு. நான்தான் திருப்பிவிட்டேன்." எல்லாவற்றையும் சொன்னேன். முந்தின வருடத்துப் பந்தி, சுழியம், கடைசி ஏவுகணை, கர்னலின் விரல், என் விரல். "நீங்க எல்லாரும் பள்ளிக்கூடத்துல சாப்பிட்டுட்டு இருக்கீங்கன்னு நினைச்சேன். உங்க மேல ஒரு தப்பும் இல்லை. இதை இப்படியே எழுதிக் குடுக்கப் போறேன். உங்களை விட்டுடுவாங்க."

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. கடைசியில் கேட்டார்.

"அப்போ அந்த ஒண்ணு எனக்கு மட்டுமா வந்துச்சு?"

"ஆமா அண்ணாச்சி."

"அவனுவளுக்கு வச்சிருந்தத எடுத்து எனக்கா?"

"ஆமா."

உள்ளங்கை இரண்டையும் மேசை மேல் விரித்து வைத்துக்கொண்டார். அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கோபம் ஏறியது. அந்தக் கோபத்தில், எட்டு நாளாகக் காணாமல் போயிருந்த மேஸ்திரி திரும்பி வந்தார்.

"ஏம்மா," என்றார், "ஒரு போன் போட்டுக் கேட்டுருக்கலாம்லா? எங்கடே இருக்கிய, பட்டறையிலயா பள்ளிக்கொடத்துலயான்னு ஒரு வார்த்தை. போட்டிருந்தா எவனாச்சும் எடுத்துச் சொல்லியிருப்பானே! அம்புட்டுப் பேரு இருந்தானுவளே! ஏம்மா போடல?"

போட்டேன் அண்ணாச்சி, இரண்டு பேருக்குப் போட்டேன் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் என் பங்கு பாதியாகக் குறைந்திருக்கும்.

"தோணலை, அண்ணாச்சி" என்றேன்.

"தோணலையா?"

"இல்லை."

"வெளிய போங்கம்மா" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

நானே எழுதிக் கொடுத்த அறிக்கையில் அந்த அழைப்புகளை மட்டும் எழுதவில்லை. என் போனிலிருந்தும் அழித்துவிட்டேன். ஏன் கூப்பிட்டுக் கேட்கவில்லை என்று விசாரணையில் மூன்று பேர் மாறி மாறிக் கேட்டார்கள். அங்கேயும் தோன்றவில்லை என்றுதான் சொன்னேன். அந்த ஒரு பதிலுக்காகவே எனக்கு இரண்டு வருடம் கூடுதலாகப் போட்டார்கள். மாசிலாமணியை இரண்டு வாரத்தில் விட்டுவிட்டார்கள். அவர் ஊருக்குப் போய், நூற்று இருபத்தேழு வீட்டுக்கும் ஒவ்வொன்றாக நடந்து, குடையம்மா ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் உங்கள் பிள்ளை பிழைத்திருப்பான் என்று சொன்னாராம். நான் தண்டனை முடிந்து வந்த பிறகும் அந்தப் பக்கம் போகவில்லை. என் பெயரைச் சொல்லிச் சாபம் விடாத வீடு இல்லை என்று கேள்வி. ஒன்பது வருடம் அந்தக் கோபத்திலேயே அவர் சாப்பிட்டார், தூங்கினார், பேத்திக்குக் கல்யாணமும் பண்ணி வைத்தார். போன மாதம் இறந்துவிட்டார் என்று இசக்கிராஜா போனில் சொன்னான். அதன் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.